மஞ்சள் வருதா?

பிரிண்டர் வந்த பெட்டியின் மேல், இதை இரண்டு பேராகத் தூக்க வேண்டும் என்று ஒரு படம் போட்டிருந்தது. படத்தில் தூக்கிய இருவருக்கும் முதுகு நேராக இருந்தது. மூட்டுவலி இருப்பதாகத் தெரியவில்லை. இங்கே தூக்கியவர்கள், பெயின்ட் கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்ற கண்காரரும், ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் கவுண்டரிலிருந்து ஓய்வுபெற்ற அவருடைய மனைவியும். படிக்கட்டு திரும்பும் இடத்தில் பெட்டியைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"மெதுவா, மெதுவா. உள்ள மை இருக்கு," என்றார் அவர்.

"எனக்குள்ள உசுரு இருக்குங்க," என்றாள் அவள்.

கண்காரர் என்பது கம்பெனியில் வைத்த பெயர். ஓட்டுத் துண்டு, துணிக் கிழிசல், பழைய கேட்டிலிருந்து சுரண்டிய பொருக்கு, இப்படி எதையாவது கொடுத்து "இதே நிறத்தில் வேண்டும்" என்று கேட்டு வருவார்கள். அவர் அதை ஜன்னலோரம் பிடித்து, தலையை ஒருக்களித்துப் பார்த்து, கறுப்பு இத்தனை, காவி இத்தனை, பச்சையைக் காட்டிவிட்டு எடுத்துவிடு என்பார். மருந்துச் சீட்டு மாதிரி அப்படியே கலப்பார்கள், பொருந்திவிடும். அவர் தலையசைக்காமல் ஒரு டின்கூட வாசலைத் தாண்டியதில்லை. ஊரில் பாதிச் சுவர்கள் அவர் சம்மதித்த பிறகே சுவர்களாயின. அந்த நினைப்பு அவருக்கும் உண்டு. தெருவில் நடக்கும்போது, தான் பெற்ற பிள்ளைகள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்ப்பதுபோலச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

இப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்தியவள் நிறங்களின் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிட்டாள். கல்யாணமான புதிதில் "அந்த நீலச் சட்டையை எடுங்க" என்று சொல்லிவிட்டாள். "இது நீலமில்ல. நீலத்துக்குத் தூரத்துச் சொந்தம்," என்று அவர் தொடங்கி, சட்டையின் பூர்வீகத்தை விளக்கி முடிப்பதற்குள் அவள் போகவேண்டிய பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு "அந்தச் சட்டை" என்றுதான் சொல்வாள். அவள் கறுப்பு வெள்ளையில் புகைப்படம் எடுக்க ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கறுப்பு வெள்ளை என்ற அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் அவர் நுழைந்து திருத்தம் சொல்ல முடியாது. "கறுப்பு வெள்ளையா? அது நிறம் தெரியாதவங்க விளையாட்டு," என்று சொல்லிவிட்டு அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலே இருந்தார். அவளும் நிம்மதியாக இருந்தாள்.

கவுண்டருக்கு வரும் ஒவ்வொரு பொருளையும் பதிவுக்காகப் படம் எடுக்க வேண்டும். பதிவுக்கு ஒன்று எடுத்த பிறகு, தனக்கென்று ஒன்று எடுப்பாள். பிடியில்லாத குடை, ஒற்றைக் கையுறை, வயலின் இல்லாத வயலின் வில், யாருடைய வாயிலிருந்தோ இறங்கி ரயிலிலேயே பயணம் முடித்த பல்செட்டு. மூக்குக் கண்ணாடிகள் ஏராளம். கண்ணாடியைத் தொலைத்தவர்கள் அநேகமாகத் திரும்பி வருவதில்லை. கவுண்டரின் பெயர்ப்பலகை அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. எல்லாவற்றையும் அந்தத் தேய்ந்த மேசை மேலேயே, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தாள். யாரிடமும் காட்டவில்லை. ஒருநாள் தொலைந்த குடையைத் தேடி வந்த பொது நூலக நூலகர் தற்செயலாகப் பார்த்தார். குடை கிடைக்கவில்லை. ஆனால் அவர் படங்களை மறக்கவில்லை. அவள் ஓய்வுபெற்ற பிறகு தேடிப்பிடித்துச் சொன்னார்: "வாசிப்பறையில நீளமா ஒரு சுவர் சும்மா கிடக்கு. உங்க படங்களை மாட்டுங்களேன்."

அவள் உலகத்திடம் பெரிதாக எதையும் கேட்டவள் இல்லை. பதவி உயர்வு கேட்கவில்லை, கூட்டம் குறைந்த கவுண்டரும் கேட்கவில்லை. இந்தச் சுவருக்கு மட்டும் ஆசைப்பட்டாள். சரி என்று சொன்ன பிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பயந்தாள்.

அதே சமயத்தில் கண்காரர் முன்னறையில் நாற்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஓய்வு வந்திருந்தது, கொஞ்சம் முன்கூட்டியே. கம்பெனிக்கு நிறம் அளக்கும் கருவி ஒன்று வந்தது. அதை இயக்க ஒரு பெண் வந்தாள். கடைசி வருஷங்களில் அவர் கலக்கச் சொன்ன பெயின்டில் சில பேட்ச்கள், நிறம் ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தன. "அவங்க சுவர்ல ஈரம்," என்றார். "கருவி வேற சொல்லுதே சார்," என்றாள் அந்தப் பெண். "கருவிக்குக் கண்ணு இருக்காம்மா?" என்றார். கருவிக்குக் கண் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு மாலை எல்லோரும் கூடி அவரை வாயாரப் புகழ்ந்து, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புகழ்ச்சி அளவுக்கு மீறிப் போனபோதே அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கடிகாரத்தை எங்கே மாட்டுவது என்று யோசித்தாள்.

அவருக்கு முன் அவள் வைத்த முதல் படம், ஸ்டூடியோவில் கொடுத்து மாதிரிக்கு பிரிண்ட் போட்டு வந்த குடை. கறுப்பு வெள்ளைதான். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு பார்வை பார்த்தார்.

"பச்சை," என்றார்.

அவளுக்கும் கொஞ்சம் பச்சையாகத்தான் பட்டது. "ஆமாங்க, கொஞ்சம்."

"கொஞ்சமா? பாசி புடிச்ச பச்சை. குளத்துக்குள்ள கிடந்த குடை மாதிரி இருக்கு." எழுந்தார். மாதக்கணக்கில் சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் மட்டும் எழுந்த மனிதர், ஜன்னலுக்குப் போய்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இவனுங்ககிட்ட கொடுத்தா உன் மானம் போகும். நாமளே போடுவோம். மிஷின் வாங்கு. நான் பாத்துக்குறேன்."

அவர் எழுந்து நின்றதே அவளுக்குப் போதுமாக இருந்தது. தன்னுடைய ஒரே வீட்டின் சாவியை அப்போது அவரிடம் கொடுக்கிறோம் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கொடுத்திருப்பாள்.

பிரிண்டரைச் சமையலறைக்குப் பக்கத்து அறையில், இஸ்திரி மேசை இருந்த இடத்தில் வைத்தார்கள். இஸ்திரி மேசை கட்டிலுக்கு அடியில் போனது. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் கசங்கிய உடையில் திரிந்தார்கள். எல்லோரும் என்றால் இருவர். மை கேட்ரிட்ஜ்களை அவர் ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பொருத்தினார். கறுப்பிலேயே இரண்டு, சாம்பலில் இரண்டு, மீதி நிறங்கள். மூடியை மூடியதும் பிரிண்டர் பசித்த வயிறு மாதிரி உறுமிக்கொண்டு வெகுநேரம் மை குடித்தது.

முதல் வேலை சோதனைத் தாள். மை பீய்ச்சும் நுண்துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று காட்ட, ஒவ்வொரு மையிலும் படிக்கட்டுப்போல் சின்னச் சின்னக் கோடுகளை பிரிண்டர் தானே போட்டுக் காட்டும். கோடு விட்டுப்போயிருந்தால் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். பொத்தானை அழுத்திக் கழுவ வேண்டும். அவர் தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார்.

"மஞ்சள் வரல."

அவள் எட்டிப் பார்த்தாள். மஞ்சள் இருந்தது. வெளிறிய மஞ்சள்தான், ஆனால் ஒரு கோடு விடாமல் ஒழுங்காக இருந்தது. "இதோ இருக்கே?"

"அதெல்லாம் இருக்கிற மாதிரி இருக்கும். வரல." கழுவும் பொத்தானை அழுத்தினார். பிரிண்டர் உறுமியது. மறுபடி தாள். மறுபடி "வரல." மறுபடி கழுவல். நல்ல மையெல்லாம் சாக்கடையில் ஊற்றுவதுபோல உள்ளே கழிவுத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் "சரி, பரவால்ல, லேசா வருது," என்று அவரே விட்டுக்கொடுத்தார். கடைசித் தாளுக்கும் முதல் தாளுக்கும் அவள் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. தனக்குத் தெரியாத ஏதோ நுணுக்கம் அவருக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துப் பழக்கம்.

முதல் படத்தைத் தாளின் தப்பான பக்கத்தில் போட்டார்கள். பல்செட்டு ஊறி வழிந்து, மழையில் நனைந்த சுவரொட்டி போல வந்தது. அவர் அசரவில்லை. தாளின் ஓரத்தை உதட்டில் ஒற்றிப் பார்த்தார். "ஒட்டுது பாரு, இதுதான் பூச்சு இருக்கிற பக்கம். பெயின்ட்டும் இப்படித்தான், ஏத்துக்கிற பக்கத்துலதான் ஏறும்." அதுமுதல் ஒவ்வொரு தாளையும் முத்தமிட்டுத்தான் உள்ளே அனுப்பினார். "என்னைக்கூட இப்படிப் பாத்ததில்ல," என்றாள் அவள். "உனக்குப் பூச்சு கிடையாதே," என்றார். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. பிரிண்டருக்குக்கூட அது புதிது.

அடுத்து, படங்கள் இருட்டாக வந்தன. கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தார். திரையும் தாளும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்தன. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பிரிண்டரில் கறுப்பு வெள்ளைக்கென்று தனி ஏற்பாடு இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால், கறுப்பும் சாம்பலுமான மைகளைக் கொண்டே பெரும்பாலும் படத்தைப் போட்டுவிடும். அவள் அதைக் கைவிரலால் காட்டினாள்.

"இது இருக்கேங்க, கறுப்பு வெள்ளைன்னு?"

"அது தெரியாதவங்களுக்கு," என்றார். "கறுப்பைக் கறுப்பால பண்றதுக்கு மனுஷன் எதுக்கு? வெள்ளை பெயின்ட்ல ஒரு சொட்டு நீலம் விடாம வெள்ளையே வராது, தெரியுமா? சாம்பல்னா அதுக்கு ஒரு அப்பன் ஆத்தா இருக்கணும். நான் கலக்குறேன் பாரு."

அந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டு, நிறங்களை எல்லாம் திறந்துவிட்டார். சாம்பல் பட்டைகளாகப் போட்டுத் தள்ளினார். சிவப்பைக் குறைத்து ஒன்று, மஞ்சளைக் குறைத்து ஒன்று. ஜன்னல் கம்பியில் துணி உலர்த்தும் கிளிப்புகளை மாட்டி, பட்டைகளைத் தொங்கவிட்டார். "ஈரத்துல ஒரு நிறம், காஞ்சா ஒரு நிறம். நாளைக்குத்தான் பேசணும்." காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்பே பட்டைகளைப் பார்க்கப் போனார். தினமும் சவரம் செய்துகொண்டார். சுவர்க்கடிகாரத்துக்கு பேட்டரி போட்டார்.

ஒருநாள் ஒரு பட்டையைக் கிளிப்போடு கொண்டுவந்து, அடுப்பின் முன் நின்றிருந்த அவளிடம் நீட்டினார்.

"இதான். ஒரு பக்கமும் சாயாத சாம்பல். கம்பெனியில கூட இப்படி ஒண்ணு நான் போட்டதில்ல."

அது நீலம். தூரத்துச் சொந்தமெல்லாம் இல்லை, ஒரே வீட்டில் பிறந்த நீலம். விடியற்காலையில் எவர்சில்வர் பாத்திரத்தின் மேல் படியும் நீலம்.

"எப்படி?" என்றார்.

அடுப்பைத் தணித்தாள். "நல்லா இருக்கு," என்றாள்.

அவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடக் கூடாது. கவுண்டரில், இல்லாத பெட்டிக்கு உரிமை கொண்டாடி வந்தவர்களை ஒரே கேள்வியில் திருப்பி அனுப்பியவள். ஆனால் நிறம் என்று வந்தால் அவள் தன் கண்ணை நம்பிப் பழக்கமில்லை. அவருக்குச் சாம்பலாகத் தெரிவது தனக்கு நீலமாகத் தெரிந்தால் தப்பு தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று மூன்று நாலு படங்கள் வரைக்கும் நம்பினாள். குடை நீலமாக வந்தது. கையுறை நீலமாக வந்தது. பல்செட்டு குளிரில் விறைத்துப் போயிருந்தது.

அவளுடைய தையல்காரத் தங்கை ஒருநாள் வந்தாள். வாசல்படியிலேயே செருப்பைக் கழற்றும் வேகத்தில் கருத்தையும் கழற்றி வைப்பவள்.

"என்ன மாமா, படமெல்லாம் நீலமா இருக்கு?"

"நீலமா?" அவர் சிரித்தார். "ஊசியில நூல் கோக்குற கண்ணுக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"நூல் கோக்குற கண்ணுக்குத்தான் மாமா புரியும். சாம்பல் துணிக்கு இந்த நூலைப் போட்டுத் தச்சுக் குடுத்தா, கஸ்டமர் என் மூஞ்சியிலயே அடிப்பாங்க."

"உன் கஸ்டமருக்கும் உன் கண்ணுதான் போல."

"அக்கா, நீ சொல்லு. நீலமா இல்லையா?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் டீ கொதித்துவிட்டது என்று உள்ளே போனாள். டீ கொதிக்கவில்லை, அடுப்பே பற்ற வைக்கவில்லை. தங்கை பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, "மாமாவுக்குக் கண்ணு சரியில்லக்கா," என்றாள். அந்த வீட்டில் யாரும் அதுவரை சொல்லாத வாக்கியம் அது. அதைக் கேட்டதும் சோதனைத் தாள் நினைவுக்கு வந்தது. வராத மஞ்சள். திரும்பி வந்த பேட்ச்கள். அளவுக்கு மீறிய புகழ்ச்சி. தொலைந்த பொருள்களை வரிசையாக அடுக்கி இது யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பார்த்த வேலை; கண்டுபிடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆரம்பித்தாள். "ஏங்க, ஒரு தடவை கண் டாக்டரைப் பாத்துட்டு வருவோமா?"

"யாருக்கு?"

அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்ற கவலை மட்டுமே இருந்தது.

"எனக்குத்தான்," என்றாள். "நீலமாத் தெரியுது."

"அதானே பாத்தேன்! அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே குறை. குடும்பக் குறை. இதை முன்னாடியே சொல்ல வேண்டாமா?" மறுநாளே அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

கண் ஆஸ்பத்திரியில் அவர் உள்ளே வரவில்லை, வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். டாக்டரம்மா அவளுடைய கண்ணில் விளக்கு அடித்து, எழுத்தைப் படிக்கச் சொல்லி, நிறப்புள்ளிகளைக் காட்டி, "உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல கண்ணும்மா. எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"டாக்டர், வெள்ளைத் தாள்ல மஞ்சள் கோடு ஒருத்தருக்குத் தெரியலன்னா?"

"புரையா இருக்கும். கண்ணுக்குள்ள லென்ஸ் பழுத்து மஞ்சளாயிடும். மஞ்சள் கண்ணாடியப் போட்டுக்கிட்டு மஞ்சளைத் தேடுற கதை. மெதுவா வர்றதால அவங்களுக்கே தெரியாது. நீலம் கம்மியா இருக்கிற மாதிரியே இருக்கும்."

"எத்தனை நாளா வந்திருக்கும்?"

"வருஷக்கணக்கா. சின்ன ஆபரேஷன்தான், கூட்டிட்டு வாங்க. எங்க இருக்காங்க?"

"வெளியில," என்றாள்.

வெளியே வந்தபோது அவர் உட்கார்ந்திருக்கவில்லை. வராந்தாச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தரை துடைப்பவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "இது நாங்க போட்டது. நான் கடைசியா பாஸ் பண்ணின வெள்ளை. பாரு, ஒரு அழுக்குச் சாயல் இருக்கா? பால்." தரை துடைப்பவர் ஈரத்தில் கால் வைக்காதீர்கள் என்று சொல்லக் காத்திருந்தார். அவள் சுவரைப் பார்த்தாள். பழைய சுவர் வெள்ளையாக இருந்தது. அதை ஒட்டிப் புதிதாக அடித்திருந்த நீளச் சுவர், வராந்தா முடியும்வரை, அவர் கை வைத்திருந்த இடம் உட்பட, நீலமாக இருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றார்.

"எனக்குத்தான் கொஞ்சம் கோளாறாம். கண்ணாடி போடணுமாம்."

"நான் சொல்லல?" என்று அவள் தோளைத் தட்டினார், மிகுந்த அன்போடு.

படிக்கும் கண்ணாடி அவளிடம் ஏற்கெனவே இருந்தது. பக்கத்துக் கண்ணாடிக் கடையில், வெறும் கண்ணாடி மாட்டிய ஒரு சட்டத்தை வாங்கிக்கொண்டாள். பவர் இல்லாமல் எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். தூசிக்கு என்றாள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து குடையைப் பார்த்து, "இப்ப சாம்பலாத் தெரியுதுங்க," என்றாள். அவர் குழந்தைபோல மகிழ்ந்தார்.

தன்னுடைய ஒரே சுவரை இப்படித்தான் கொடுத்தாள். பெருந்தன்மை என்று சொல்ல முடியாது, கோபமும் இருந்தது. அவர் வெளியே போயிருந்தபோது ஒருமுறை கறுப்பு வெள்ளை ஏற்பாட்டைப் போட்டு, ஒற்றைக் கையுறையை அச்சடித்துப் பார்த்தாள். மேசையின் கீறல்கள், கம்பளி இழை, விரல் இருந்த இடத்துக் காற்று, எல்லாம் அன்று அவள் பார்த்தபடியே வந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில், இஸ்திரி மேசைக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

நூலகத்தில் மாட்டியாயிற்று. அவரே மட்டம் பார்த்து, அவரே ஆணி அடித்து, அவரே பின்னால் நகர்ந்து நின்று ரசித்தார். திறப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. நூலகர் இரண்டு வார்த்தை பேசினார். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் பத்திரிகையோடு எழுந்து வந்து ஒரு சுற்றுச் சுற்றினார்கள். தங்கை வந்து, வாயைத் திறக்காமல், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பொறுத்தவரை வாயைத் திறக்காமல் நிற்பது ஒரு தியாகம்.

கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் வந்திருந்தார். பல்செட்டின் முன் வெகுநேரம் நின்றார்.

"பிரிண்ட் யாரு போட்டது?"

கண்காரர் முன்னால் வந்தார். "நான்தான்."

"அற்புதம் சார். கறுப்பு வெள்ளைன்னா எல்லாரும் கறுப்பும் வெள்ளையுமாப் போட்டுட்டுப் போயிடுவாங்க. தொலைஞ்ச பொருளுக்கு இந்த நீலம் இருக்கே..."

"எந்த நீலம்?"

ஓவிய ஆசிரியர் சிரித்தார். "அடக்கத்தைப் பாருங்க."

"நானும் முதல்ல பயந்துட்டேன்," என்றார் நூலகர். "இவ்வளவு நீலமா இருக்கேன்னு. பாக்கப் பாக்கப் பிடிச்சுப் போச்சு."

கண்காரர் சுவரைப் பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும், ஒவ்வொரு படமாக. பிறகு தங்கையைப் பார்த்தார். அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு மனைவியிடம் வந்தார்.

"கண்ணாடியக் கொடு."

"எதுக்குங்க?"

"கொடு."

வாங்கிப் போட்டுக்கொண்டார். கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். கழற்றி மடித்து அவள் கையில் வைத்தார்.

ஓவிய ஆசிரியர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். "எப்படி சார் கொண்டு வந்தீங்க?"

"ஒரு சொட்டுதான்," என்றார் கண்காரர். "ஒரே ஒரு சொட்டு விட்டேன்."

மாலை முழுக்க வந்தவர்கள் நீலத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் குடை எங்கே கிடைத்தது, அந்த வில்லைத் தேடி யாராவது வந்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளிடம் பேசிய ஒரே ஆள், கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக அந்த இடத்தை அவளுக்குக் கொடுப்பார். நாலைந்து நிறுத்தங்கள் போன பிறகு பேசினார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"மஞ்சள் வரலன்னு கழுவிக்கிட்டே இருந்தீங்களே. அப்பவே தெரிஞ்சிருக்கணும். தங்கச்சி சொன்ன பிறகுதான் உறைச்சுது."

"டாக்டர் என்ன சொன்னாங்க? உள்ளதைச் சொல்லு."

சொன்னாள். சின்ன ஆபரேஷன், அடுத்த நாளே நடமாடலாம், எல்லாம் பளிச்சென்று தெரியும் என்பதை அழுத்திச் சொன்னாள். வருஷக்கணக்கு என்பதை மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு," என்றார். "கருவிய வெச்சுக்கிட்டு நிக்கும். சார், நீலம் ஏறியிருக்கு சார்னு சொல்லும். அழுற மாதிரி நிக்கும். பேக்கிங் பக்கம் மாத்திட்டாங்க. நான்தான் மாத்தச் சொன்னேன்."

பஸ் ஒரு பள்ளிக்கூடத்தின் நீளச் சுவரைத் தாண்டியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாங்க."

"பண்ணிட்டு? இப்ப நூலகத்துச் சுவர் மட்டும்தான் நீலம்னு சொல்றாங்க. கண்ணைச் சரி பண்ணிட்டா ஊரே நீலமாத் தெரியும். வெளியில போக வேண்டாமா நான்?"

அவள் கையிலிருந்த வெறும் கண்ணாடியைப் பைக்குள் போட்டு மூடினாள். "எனக்குக் கோபம்தாங்க," என்றாள். "அது என் சுவரு."

"தெரியும்," என்றார்.

வீட்டில் அவர் பழையபடி நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போடவில்லை; ஜன்னலைப் பார்த்தும் போடவில்லை. நாற்காலியில் அவள் துணி மடித்து வைத்தாள். அவர் கட்டிலில் படுத்தே கிடந்தார். கண் டாக்டர் பேச்சை எடுத்தால் புரண்டு படுத்தார். பிரிண்டரின் மேல் தூசி ஏறியது. இப்படிச் சும்மா போட்டுவைத்தால் துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்று அதன் பெட்டியிலேயே எழுதியிருந்தது. அவளும் அதைத் தொடவில்லை. நூலகத்திலிருந்து, படங்களை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறோம், நன்றாகப் பேசுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சரி என்று பதில் சொன்னாள்.

ஒரு பிற்பகல் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளே உறுமல் கேட்டது. ஈரக் கையோடு போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து இஸ்திரி மேசை வெளியே வந்து கிடந்தது. அதற்குப் பின்னால் அவள் செருகி வைத்திருந்த கையுறை, ஜன்னல் கிளிப்பில் தொங்கியது. அவர் கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளை ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். பிரிண்டரிலிருந்து சோதனைத் தாள் வந்துகொண்டிருந்தது. அதை எடுத்து, ஜன்னலுக்குக் கொண்டுபோகாமல், நேரே அவளிடம் நீட்டினார்.

"மஞ்சள் வருதா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். கோடுகள் அங்கங்கே அறுந்திருந்தன. மஞ்சளில் பாதியைக் காணோம். வருகிறது என்று சொன்னாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

"இல்லைங்க," என்றாள். "நடுவுல விட்டுப் போயிருக்கு. கடைசியிலயும்."

அவர் தலையசைத்தார். கழுவும் பொத்தானை விரலால் தடவித் தேடி அழுத்தினார். பிரிண்டர் உறுமத் தொடங்கியது. அது முடியும்வரை இருவரும் பக்கத்தில் நின்றார்கள்.